குறிஞ்சா இலையும் ஒரு நன்றியுரையும்

சிறுகுறிஞ்சா இலை இரண்டு மூன்றை நன்றாகச் சப்பித் துப்பிவிட்டு ஒரு கரண்டி சீனியை வாயில் போட்டுப் பாருங்கள். கடற்கரை மணலை அள்ளிப் போட்டது போல இருக்கும். இலையிலுள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை உணரும் இடங்களைப் போய் அடைத்துக்கொள்கின்றன. சற்று நேரத்தில் அவை விலகிவிடும், இனிப்பும் திரும்பி வந்துவிடும். சீனிக்கு ஒன்றும் ஆவதில்லை. அது சீனியாகவே வயிற்றுக்குள் போய், இரத்தத்திலும் ஏறிவிடும்.

கடைசியாகச் சொன்ன இரண்டு வசனங்களையும் நான் மேடைகளில் சொல்வதில்லை. தெரியாமல் அல்ல. சொன்னால் கைதட்டல் குறைந்துவிடும்.

தாவரங்களிலிருந்து மருந்துப் பொருள்களைப் பிரித்தெடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். கரைப்பான்களையும் கருவிகளையும் பற்றி உங்கள் மேற்பார்வையாளர்கள் சொல்லித் தருவார்கள். கைதட்டலைப் பற்றி அவர்கள் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் அது பிடிக்கும். ஒரு இரசாயனவியலாளனுக்கு வாழ்நாளில் கைதட்டல் கிடைப்பது அரிது. பழுப்பு நிறத் திரவத்தை மஞ்சள் நிறத் திரவமாக்கியதற்காக எவரும் எழுந்து நின்று கைதட்டியதை நான் கண்டதில்லை. ஆனால் குறிஞ்சா இலையைக் கொடுத்து, அதன் பின் சீனியைக் கொடுத்தால் மண்டபமே கலகலக்கும். ஓய்வுபெறுவதற்கு முந்திய சில ஆண்டுகள் நான் அந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி முழுவதும் சுற்றினேன். கோவில் மண்டபம், சனசமூக நிலையம், முதியோர் சங்கம் என்று எவர் கூப்பிட்டாலும் போவேன். கூப்பிடாத இடத்தில் கூப்பிட வைப்பேன்.

எங்கள் ஆய்வுக்கு வேண்டிய இலை புங்குடுதீவில் கிடைத்தது. அங்கே பூட்டிக் கிடக்கும் வீடுகளின் மதில்களில் சிறுகுறிஞ்சா ஏறிப் படர்ந்திருந்தது. வீட்டுக்காரர் கனடாவில் இருப்பார், கொடி மட்டும் காணியை ஆண்டுகொண்டிருக்கும். பறித்துக்கொள்ளலாமா என்று தொலைபேசியில் கேட்டால், "இலையோ? என்ர வீட்டுக் கூரை இன்னும் இருக்குதோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்பார்கள். அப்படி இலை பறிக்கப் போய் வந்த பழக்கத்தில்தான் அந்தத் தீவிலுள்ள ஒரு சிறிய அம்மன் கோவிலில் நீரிழிவு பற்றிப் பேசக் கேட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை. பேச்சு முடிய மத்தியானப் பூசை, பூசை முடிய அன்னதானம் என்பது ஏற்பாடு.

நன்றியுரை சொல்வதற்குத் தியாகராசா என்பவரை நியமித்திருந்தார்கள். அவர் ஓய்வுபெற்ற பஸ் கொண்டக்டர். யாழ்ப்பாண வீதியில் ஓடும் பஸ்ஸின் பின்கதவில் நின்றுகொண்டு முன்கதவுக்காரரை இறக்கிவிடும் குரல் அவருக்கு. முன்வரிசைக் கதிரையில் வெள்ளை வேட்டியோடு, கையில் துண்டுக் கடதாசியோடு இருந்தார். அருகில் மனைவி பரமேஸ்வரி அக்கா. இருவரும் வெள்ளிக்கிழமை விரதகாரர்.

எனக்கு அரை மணித்தியாலம் தந்திருந்தார்கள். அன்று சனம் நன்றாகக் கேட்டது, கேட்டால் நான் நிறுத்தமாட்டேன். இலையைக் கொடுத்தேன். எல்லோரும் சப்பினார்கள். சீனித் தட்டு சுற்றிவந்தது. மண்டபம் கலகலத்தது. "பாத்தியளோ, சீனி செத்துப்போச்சு" என்றேன். கைதட்டல். அந்த உற்சாகத்தில், சீனி வெள்ளை நஞ்சு என்றும் அதை வீட்டிலிருந்து துரத்த வேண்டும் என்றும் முழங்கினேன். அதன் பிறகு, எவரும் கேட்காத வேறு இரண்டு மருந்து மரங்களைப் பற்றியும் பேசினேன். ஐயர் மூலஸ்தான வாசலில் நின்று என்னைப் பார்த்தார். பூசை நேரம் போய்க்கொண்டிருந்தது. ஐயர் கேட்க விரும்புகிறார் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் விளக்கினேன்.

ஒருவழியாக முடித்தேன். தியாகராசா எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"பெருமதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களுக்கு நன்றி. ஐயருக்கு நன்றி. வேலணை." ஒரு கணம் நின்றார். "வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி. முன்னுக்குப் போங்கோ, முன்னுக்கு இடம் கிடக்கு."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. பஸ் நிறுத்தங்களின் பெயரைக் கூவி என் பேச்சின் நீளத்தை அவர் கேலி செய்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன், பெருந்தன்மையாகச் சிரிக்கவும் செய்தேன்.

"பண்ணைப் பாலம் இறங்குறவை இறங்குங்கோ" என்றார் தியாகராசா. பிறகு என் சட்டைப் பையைக் காட்டி, "ரிக்கற் எடுத்தவரோ?" என்று கேட்டார். அப்போதுதான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். வியர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. மைக் பிடித்த கை நடுங்கியது. கண் என்னைப் பார்த்தாலும் என்னிடம் நிற்கவில்லை.

தியாகராசாவைப் போன்ற நீரிழிவுக்காரர் ஒருவர் இப்படி வியர்த்து, நடுங்கி, புத்தி மாறாடினால் இரத்தத்தில் சீனி விழுந்துவிட்டது என்று பொருள். உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும். இது பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விடயம். எனக்கும் தெரியும். மேசையில் சீனித் தட்டும் இருந்தது.

நான் நின்றேன்.

சீனி நஞ்சு என்று இப்போதுதானே முழங்கினேன். இதே சனத்துக்கு முன்னால், இதே வாயால், இவருக்குச் சீனி கொடுங்கள் என்று எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். ஒரு மனிதன் என் கண்முன் சரிந்துகொண்டிருக்க, நான் என் பேச்சைக் காப்பாற்ற வழி தேடினேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. தியாகராசா கதிரையில் விழுந்து, இரண்டு பேர் அவரைத் தாங்கிப் பிடிக்கும் அளவுக்கு நேரம் போயிருந்தது.

பிறகுதான் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். பரமேஸ்வரி அக்கா அதைப் பறித்துத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"உங்களுக்கென்ன விசரோ சேர்? சலரோகக்காரருக்குச் சீனியோ?"

"அக்கா, அவருக்குச் சீனி விழுந்திட்டுது. இப்ப குடுக்க வேணும்."

"நீங்கள்தானே இப்ப நஞ்சு எண்டு சொன்னியள்?"

"ஓம், சொன்னனான். நான் சொன்னது பிழை. தாங்கோ."

"எது பிழை? அப்ப சொன்னதோ, இப்ப சொல்லுறதோ?"

அதைவிடச் சரியான கேள்வியை என்னிடம் எந்தப் பரீட்சகரும் கேட்டதில்லை. இரண்டு பேர் அக்காவின் கையைப் பிடிக்க, தட்டை வாங்கித் தியாகராசாவின் வாயில் ஒரு கரண்டி சீனியைப் போட்டேன். தியாகராசா அப்படியே துப்பிவிட்டார். "மண்ணைத் தீத்துறாங்கள்" என்று அழுவது போலச் சொன்னார். குறிஞ்சா இலை தன் வேலையைச் செய்திருந்தது. நான்தான் சப்பக் கொடுத்தேன்.

விழுங்கக்கூடிய நிலையில் இருந்தார், அது அதிர்ஷ்டம். குடிக்கக் கொடுத்தால் இறங்கும். மடைப்பள்ளியில் பாயாசம் தயாராக இருந்தது, ஆனால் அம்மாளுக்குப் படைக்கவில்லை. படைக்காததை எடுத்து ஒருவர் வாயில் வைப்பது அந்தக் கோவிலில் நடக்காத காரியம். சமையல்காரர் அகப்பையோடு ஐயரைப் பார்த்தார். ஐயர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் பேச்சு முழுவதற்கும் பதில் இருந்தது.

"குடுங்கோ. அம்மாளோட நான் கதைக்கிறன்" என்றார்.

பேணியில் கொண்டுவந்து பருக்கினோம். தியாகராசா இரண்டு பேணி குடித்தார். கண் மெல்ல நிலைக்கு வந்தது. சுற்றிப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, தெளிவான குரலில், "பாயாசத்துக்குச் சீனி போடேல்லை" என்றார்.

சமையல்காரர் பதறிப்போய் ஒரு வாய் வைத்துப் பார்த்தார். அவரும் பேச்சுக் கேட்க வந்து இலை சப்பியவர். "மெய்தான், ஒரு சொட்டு இனிப்பில்லை" என்று ஓடிப்போய் மிச்சமிருந்த சீனி முழுவதையும் அண்டாவில் கொட்டிவிட்டார். பூசை முடிந்து பந்தியில் இருந்தபோது ஊராருக்கு நாக்கு திரும்பியிருந்தது. அந்தப் பாயாசத்தைக் குடிக்க முடியவில்லை, வெட்டித்தான் சாப்பிட வேண்டும் என்று பின்னர் சொன்னார்கள். எனக்குக் கிடைக்கவில்லை. நான் தியாகராசாவோடு ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன்.

அங்கே ஒரு பெண் டொக்டர் இருந்தார். என் மகளின் வயதுதான் இருக்கும். விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "இப்ப பரவாயில்லை. காலமை என்ன சாப்பிட்டவர்?" என்று கேட்டார்.

"விரதம்" என்றார் பரமேஸ்வரி அக்கா.

"குளிசை போட்டவரோ?"

"ஓம். குளிசை தண்ணியோடதானே போடுறது. விரதம் முறியாது."

டொக்டர் கண்ணை மூடித் திறந்தார். சீனியைக் குறைக்கும் மாத்திரையைப் போட்டுவிட்டு, ஒன்றும் சாப்பிடாமல், என் பேச்சு முடியும்வரை ஒரு மனிதர் காத்திருந்திருக்கிறார். நன்றி சொல்ல வேண்டியிருந்ததால் எழுந்து போகவும் முடியவில்லை. நான் சொன்ன நேரத்துக்கு முடித்திருந்தால் அவர் சாப்பிட்டிருப்பார்.

டொக்டர் என்னை ஒருபக்கமாக அழைத்தார். "சேர், இலையைச் சப்பித் துப்பினதால ஆருக்கும் சீனி இப்பிடி விழாது. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் பிள்ளை."

"வெளியில சனம் நிக்குது. அதுகளுக்கும் ஒருக்காச் சொல்லிப்போட்டுப் போங்கோ."

வெளியே உண்மையாகவே சனம் நின்றது. ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பயங்கரமான இலை சேர். துப்பினவருக்கே இப்பிடியெண்டா, விழுங்கினா?" மற்றவர்கள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். சொல்லியிருக்கலாம். விழுத்தியது இலையல்ல, வெறும் வயிறும் குளிசையும் என் நீண்ட வாயும் என்று ஒரு வசனம் போதும். நான் ஒரு புன்னகை செய்துவிட்டு வாகனத்தில் ஏறினேன்.

அடுத்த வாரம் ஒரு பத்திரிகைக்காரர் தொலைபேசியில் கேட்டார். "சேர், அந்த இலையாலதானே அவருக்குச் சீனி விழுந்தது?" எங்கள் ஆய்வின் அடுத்த கட்டத்துக்கு அனுமதி கேட்டு எழுதியிருந்த காலம் அது. நான், "அது விரிவாக ஆராயப்பட வேண்டிய விடயம்" என்றேன்.

இந்த வசனத்தைக் கவனியுங்கள். நீங்களும் ஒருநாள் சொல்வீர்கள். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பதில் தெரிந்த கேள்விக்கு அதைச் சொல்வதுதான் பொய். மறுநாள் தலைப்பு, பேராசிரியர் வியக்கும் தீவக மூலிகை என்று வந்தது. நான் அதை வெட்டி வைத்துக்கொள்ளவில்லை என்று சொல்ல ஆசைதான். வெட்டி வைத்தேன்.

சில மாதம் கழித்து மீண்டும் இலை பறிக்கப் போனேன். பூட்டிய வீட்டு மதில்கள் எல்லாம் மொட்டையாக நின்றன. கொடி, தண்டு, வேர் எல்லாம் போய்விட்டன. இலை கேட்டு ரொறன்ரோவிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் வைபரில் ஆட்கள் கூப்பிடுவதாக ஓட்டோக்காரர் சொன்னார். ஆய்வாளனுக்கு இலை இல்லை. சிரித்துக்கொண்டே தியாகராசாவின் வீட்டுக்குப் போனேன்.

பரமேஸ்வரி அக்கா போத்தல் நிறைய இலைத் தூள் கொண்டுவந்து காட்டினார். தியாகராசா சாய்கதிரையில் இருந்தார். "குளிசையை விட்டிட்டன் சேர். உங்கட புண்ணியம்" என்றார். பரமேஸ்வரி அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தார். தியாகராசாவின் பேணிக்குள் மூன்று கரண்டி சீனி விழுந்தது.

"சீனி போடுறியளோ?" என்று கேட்டேன்.

"இலையைச் சப்பிப்போட்டுத்தானே குடிக்கிறன். இனிப்புத் தெரியாது. தெரியாட்டி இல்லைத்தானே?"

"தெரியாட்டி ஏன் போடுறியள்?"

அவர் பேணியைக் கரண்டியால் கலக்கினார். "வெறுந் தேத்தண்ணி குடிச்சுப் பழக்கமில்லை" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கால்மேல் கால் போட்டபோது இடது பாதத்தில் துணிக் கட்டுத் தெரிந்தது. பெருவிரல் பக்கம் ஈரமாக இருந்தது.

"பனங் கருக்கு மட்டை கீறினது. மாறேல்லை" என்றார் பரமேஸ்வரி அக்கா. "இலைத் தூளைத்தான் வைச்சுக் கட்டியிருக்கிறன்."

தேத்தண்ணியை வைத்துவிட்டு எழுந்தேன். நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த டொக்டர் என்னை இருக்கச் சொல்லவில்லை.

"கிளினிக்குக்கு வாறதை விட்டிட்டார் சேர். நான் வீட்டுக்கும் போய்ச் சொல்லிப் பாத்தனான். பேப்பரைக் காட்டுகினம். நான் ஒரு சின்னப் பெட்டை, நீங்கள் பேராசிரியர். உங்கட அந்த ஒரு வசனத்தை அழிக்க எனக்கு ஏலாமல் கிடக்கு. நீங்களே வந்து அழியுங்கோ."

என் தொழிலில் எனக்கு வழிகாட்டி யார் என்று கேட்டால் அந்தப் பிள்ளையைத்தான் சொல்வேன். என் பெரிய ஆசிரியர்கள் எனக்கு ஒரு பொருளை எப்படிப் பிரித்தெடுப்பது என்று காட்டினார்கள். வாயிலிருந்து போனதை எப்படித் திருப்பி எடுப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால், என்னிடம் சொல்லவில்லை.

கோவில் நிர்வாகத்திடம் மறுபடி பேச வேண்டும் என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அன்னதானம் முடிஞ்ச பிறகு எண்டா பேசலாம்" என்றார்கள். ஐயரும் அதை வழிமொழிந்தார். வெள்ளிக்கிழமை, எல்லோரும் சாப்பிட்டு முடிந்ததும், எழுந்து சொன்னேன்.

"தியாகராசா அண்ணையை அண்டைக்கு விழுத்தினது இலை இல்லை. அவர் குளிசை போட்டுட்டு விரதம் இருந்தவர். நான் கனநேரம் கதைச்சதால சாப்பாடு பிந்திப் போட்டுது. இலை நாக்கைத்தான் ஏமாத்தும், இரத்தத்தை ஏமாத்தாது. இது எனக்கு அண்டைக்கே தெரியும்."

பிறகு பின்னாலிருந்து ஒரு குரல், "சேர் தன்னடக்கமாக் கதைக்கிறார்."

"இல்லை, உண்மை."

"மருந்துக் கொம்பனிக்காரர் வாயை அடைச்சுப் போட்டாங்கள் போல" என்றது வேறொரு குரல். பலர் தலையாட்டினார்கள். என் முப்பதாண்டு ஆராய்ச்சியை எவரும் இவ்வளவு உறுதியாக நம்பியதில்லை. நான் அதை மறுக்க மறுக்க இலையின் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. சனம் போனால் போகட்டும், எனக்கு அந்த ஒரு மனிதர் நம்பினால் போதும் என்று முன்வரிசையைப் பார்த்தேன்.

தியாகராசா கைத்தடியை ஊன்றி எழுந்தார். மைக் கேட்கவில்லை, அவருக்குத் தேவையும் இல்லை.

"அண்டைக்கே தெரிஞ்சா ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?"

"வெட்கமா இருந்தது. சனம் மரியாதையாப் பாத்தது. பேப்பரிலயும் பேர் வந்தது. அதுதான்."

"அதுக்காக என்னை இலை தின்னவிட்டனீர்."

அதுவரை என்னை நீங்கள் என்றே சொல்லிவந்தவர். "ஓம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கொண்டக்டராக இருந்தபோது ரிக்கற் எடுக்காதவர்களை இப்படித்தான் பார்த்திருப்பார். பிறகு பரமேஸ்வரி அக்காவின் பக்கம் திரும்பினார். "பரமேசு, கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு வாரும். உந்த மனுசன் இப்பதான் உண்மை கதைக்குது. தன்ர மானத்தைக் குடுத்து ஆரும் பொய் சொல்லாயினம்."

கிளினிக்குக்குப் போனார். குளிசை மீண்டும் தொடங்கியது. ஆனால் காலுக்கு நாங்கள் பிந்திப் போய்விட்டோம். யாழ்ப்பாணம் பெரிய ஆஸ்பத்திரியில் பெருவிரலை எடுக்க வேண்டி வந்தது. இன்னும் தாமதித்திருந்தால் பாதமே போயிருக்கும் என்றார்கள். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அதை இரண்டு முறை சொன்னார்கள். அந்த வாரம் நான் சோறு சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் ஆய்வின் அடுத்த கட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. இலை நல்ல இலை. அதற்குள் ஏதோ இருக்கிறது, ஒருநாள் உங்களில் ஒருவர் அதைச் சரியாகப் பிரித்து, சரியான அளவில், சரியான ஆளுக்குக் கொடுப்பார் என்று நம்புகிறேன். அதுவரை ஒருவர் உங்களிடம் வந்து, இதைத் தின்றால் எனக்குச் சுகம் வருமா என்று கேட்டால், தெரியாது, குளிசையை விடாதீர்கள் என்று சொல்லுங்கள். கைதட்ட மாட்டார்கள்.

தியாகராசாவை வார்ட்டில் போய்ப் பார்த்தேன். புண் ஆறும்வரை கனநாள் வைத்திருந்தார்கள், நானும் கனநாள் போனேன். ஒவ்வொரு முறையும் பக்கத்துக் கட்டிலில் புதிய நோயாளி ஒருவர் இருப்பார். தியாகராசா அந்தப் பழைய பஸ் குரலில், வார்ட்டின் மறுகோடிக்கும் கேட்க, என்னை அறிமுகம் செய்வார்.

"இஞ்சாருங்கோ, உவர்தான் என்ர விரலை எடுத்த பேராசிரியர்."

"சத்திரசிகிச்சைப் பேராசிரியரோ?" என்று அவர்கள் மரியாதையோடு நிமிர்வார்கள்.

"இல்லை இல்லை, கத்தி இல்லாமல் எடுத்தவர்."

அவர்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். நான் ஓம் என்று சொல்லிவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருவேன்.